ஏப்ரலில் பீவர்கில் ஆற்றில் ஒரு நாள் ட்ரவுட் மீன் பிடிக்கப் போனோம்: கைடு அருமை, பேக்கேஜ் சரியில்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்களோடு நாள் முழுக்க ஆற்றில் நின்ற கைடுக்கு ஐந்துக்கு ஐந்து. அவரை அனுப்பி வைத்த கம்பெனிக்கு ஐந்துக்கு இரண்டு. இரண்டையும் சேர்த்து மூன்றரை என்று போட்டால் படிக்கிறவர்களுக்கு எதுவும் விளங்காது, அதனால்தான் தனித்தனியாகச் சொல்கிறேன். கம்பெனியின் பெயரைப் போடவில்லை. ஒரே ஒரு நாள் அனுபவத்தை வைத்து ஒரு சின்ன ஊர்த் தொழிலைப் பெயர் சொல்லிக் குறை கூற எனக்கு மனமில்லை, அதோடு நான் சொல்லப்போகும் குறை அந்தப் பக்கத்தில் பல பேக்கேஜ்களுக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன். எதைக் கேட்டு புக் செய்ய வேண்டும் என்று தெரிந்தால் போதும், யாரிடம் செய்வது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

நாங்கள் நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறோம். அங்கிருந்து இரண்டே கால் மணி நேரம் ஓட்டினால் நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைகள். 17ஆம் நம்பர் ரோட்டில் மான்டிசெல்லோ, லிபர்ட்டி தாண்டி லிவிங்ஸ்டன் மேனர், அப்புறம் ராஸ்கோ. ராஸ்கோவில்தான் வில்லோவீமாக் என்ற ஆறு வந்து பீவர்கில்லில் கலக்கிறது, அந்த இடத்துக்கு ஜங்ஷன் பூல் என்று பெயர். பெயரில் இருக்கும் 'கில்' டச்சுக்காரர்கள் விட்டுப்போன சொல், ஓடை என்று பொருள். அமெரிக்காவில் ஃப்ளை எனப்படும் செயற்கை ஈயைக் கட்டி ட்ரவுட் பிடிக்கும் பழக்கம் வேர் விட்ட இடங்களில் இது முதல் வரிசையில் வரும். வருடா வருடம் ஏப்ரல் 1ஆம் தேதி விடிகாலையில் குளிரில் நடுங்கிக்கொண்டு ஜங்ஷன் பூலில் வரிசையாக ஆட்கள் நிற்பது பல தலைமுறைப் பழக்கம். இப்போது சட்டம் மாறிவிட்டது. 2022லிருந்து நியூயார்க்கின் ட்ரவுட் ஓடைகளில் குளிர்காலத்திலும் பிடித்துவிட்டுத் திரும்ப விடலாம், ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 15 வரைதான் வீட்டுக்கு எடுத்துப்போகும் பருவம். ஆனாலும் ஏப்ரல் 1க்கு இருக்கும் மவுசு குறையவில்லை.

நாங்கள் போனது ஏப்ரல் கடைசி சனிக்கிழமை. நானும் என் மகளும். அவளுக்குப் பதினான்கு வயது. நான் மூன்று வருடமாக ஃப்ளை ஃபிஷிங் செய்கிறேன், ஆனால் எல்லாம் ஜூன் மாதத்து வெதுவெதுப்பான நாட்களில், பக்கத்து ஊர் ஓடைகளில். பருவத் தொடக்கத்தில் பெரிய ஆற்றில் இறங்கியதில்லை. மகள் அதற்கு முன் புல்வெளியில் மட்டும்தான் வீசிப் பழகியிருந்தாள்.

இரண்டு பேருக்கும் சேர்த்து முழு நாளுக்கு 475 டாலர். கைடு, தூண்டில், ஃப்ளைகள், வேடர்ஸ் எனப்படும் நெஞ்சுவரை வரும் தண்ணீர் புகாத உடை, பூட்ஸ், மதியச் சாப்பாடு எல்லாம் அதில் அடக்கம். டிப்ஸ் தனி. இங்கே வழக்கம் ஏறக்குறைய 20 சதவீதம், நான் 100 கொடுத்தேன், அது அவருக்குக் குறைவுதான் என்று இன்றும் நினைக்கிறேன். லைசென்ஸ் நம் பொறுப்பு. வெளிமாநிலத்துக்காரர்களுக்கு ஒரு நாள் லைசென்ஸ் 10 டாலர், ஆன்லைனிலேயே எடுக்கலாம். பதினாறு வயது ஆகாத பிள்ளைகளுக்கு லைசென்ஸே வேண்டாம். கைடுகளுக்கும் மாநில லைசென்ஸ் கட்டாயம், முதலுதவி, நீர்ப் பாதுகாப்பு எல்லாம் முடித்திருக்க வேண்டும், அதற்கான அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. எங்கள் கைடு கேட்காமலேயே காட்டினார்.

பேக்கேஜின் நேரம் காலை எட்டு முதல் மாலை நான்கு வரை. குறை இங்கேதான் தொடங்குகிறது, அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

எட்டு இருபதுக்குக் கரையில் நிற்கிறோம். புல்லில் உறைபனி. கைடு தூண்டிலை எடுக்கவில்லை. ஒரு கயிற்றில் கட்டிய தெர்மாமீட்டரை எடுத்து ஆற்றில் போட்டு, இரண்டு நிமிடம் விட்டு எடுத்து என் மகள் கையில் கொடுத்து "எவ்வளவு, படி" என்றார். 43 டிகிரி ஃபாரன்ஹீட். நம் கணக்கில் 6 செல்சியஸ். "இன்னும் எல்லாரும் தூங்குகிறார்கள். மீனும் தூங்குகிறது, மீனின் சாப்பாடும் தூங்குகிறது. 50 வரும்போது சொல்லு" என்று தெர்மாமீட்டரை அவளிடமே விட்டுவிட்டார். அன்று முழுக்க அது அவள் வேலை.

ட்ரவுட் குளிர்ந்த ரத்தப் பிராணி. தண்ணீர் எவ்வளவு குளிரோ அதன் உடம்பும் அவ்வளவு குளிர். 43 டிகிரியில் அதற்குச் செரிமானம் மெதுவாக நடக்கும், பசியும் குறைவு, ஆழமான மடுவின் அடியில் ஓட்டம் குறைந்த இடத்தில் சும்மா கிடக்கும். வாய்க்கு நேரே இரை வந்தால் திறக்கும், ஒரு முழம் தள்ளிப் போனால் விட்டுவிடும். மேஃப்ளை என்கிற பூச்சிகளின் குஞ்சுகள் ஆற்றுக் கற்களுக்கடியில் ஒரு வருடம் போல வளர்ந்து, தண்ணீர் 50 டிகிரியைத் தொட்டுச் சில நாட்கள் ஆன பிறகுதான் மேலே வந்து இறக்கை விரிக்கும். வெயில் ஏறி ஆறு சூடாகி அந்த நிலைக்கு வரப் பகல் ஒரு மணி, இரண்டு மணி ஆகிவிடும். ஏப்ரலில் காலை எட்டு மணிக்கு ஆளை வரச்சொல்வது ஜூலை மாதத்து அட்டவணையை அப்படியே வைத்துக்கொண்டிருப்பது. ஜூலையில் விடிகாலை சரி, அப்போது நடுப்பகலில் தண்ணீர் அதிகம் சூடாகிவிடும். ஏப்ரலில் எல்லாம் தலைகீழ். பதினொன்றுக்கு ஆரம்பித்து ஏழு வரை நின்றால் அதே எட்டு மணி நேரம்தான், ஆனால் பலன் வேறு. "அலுவலகத்தில் நான் பல தடவை சொல்லிவிட்டேன்" என்று மட்டும் சொன்னார் கைடு, அதற்கு மேல் தன் கம்பெனியைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

சரி, எட்டு மணிக்கே வந்தாகிவிட்டது. அந்த மூன்று மணி நேரத்தை அவர் எப்படிப் பயன்படுத்தினார் என்பதற்காகத்தான் இந்த விமர்சனத்தையே எழுத உட்கார்ந்தேன்.

எங்களைக் கணுக்காலளவு தண்ணீருக்குக் கூட்டிப்போய் கற்களைப் புரட்டச் சொன்னார். புரட்டிப் பார்த்துவிட்டு அதே இடத்தில் அதே பக்கமாகத் திரும்ப வைக்க வேண்டும், அது கண்டிப்பு. ஒவ்வொரு கல்லிலும் ஓர் ஊரே இருந்தது. தட்டையான உடம்போடு கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டு இரண்டே வால் உள்ள குஞ்சு ஒன்று. அது குவில் கார்டன் என்ற மேஃப்ளை என்றார். மூன்று வாலோடு, கொஞ்சம் தடித்து, தவழ்ந்து போகும் பழுப்பு நிறக் குஞ்சு ஒன்று. அது ஹென்ட்ரிக்சன் என்ற இன்னொரு மேஃப்ளை. சின்னக் கூழாங்கற்களை ஒட்டி வீடு கட்டிக்கொண்டிருக்கும் கேடிஸ் புழு. மகள் ஹென்ட்ரிக்சன் குஞ்சைக் கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். அதன் முதுகில் இறக்கை மடித்து வைத்திருக்கும் உறை கருத்துப்போய் இருந்தது. "கருத்துவிட்டது என்றால் இன்றோ நாளையோ மேலே வரும்" என்று காட்டினார். வரும் வழியில் வீடுகளின் முன்னால் ஃபோர்சித்தியா செடி மஞ்சளாகப் பூத்திருந்ததைக் கவனித்தீர்களா என்று கேட்டார், அது பூத்தால் ஹென்ட்ரிக்சன் வரும் காலம் என்பது இந்தப் பக்கத்து ஆட்கள் வைத்திருக்கும் கணக்காம். நம் ஊரில் ஈசல் பறப்பதை வைத்து மழையைச் சொல்வார்களே, அதே மாதிரியான அறிவு.

அப்புறம் புல்வெளியில் ஒரு மணி நேரம் வீசும் பாடம். என் வீச்சில் மூன்று வருடமாக இருந்த ஒரு குறையைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தார். பின்பக்கம் தூண்டிலை நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல் மணிக்கட்டை மடித்து இன்னும் கீழே கொண்டுபோகிறேன், அதனால் தூண்டில் நரம்பு புல்லைத் தொட்டு எழுகிறது. சட்டைக் கைக்குள் தூண்டிலின் அடிப்பகுதியைச் செருகி வைத்து வீசச் சொன்னார், மணிக்கட்டு மடங்க வழியே இல்லாமல் போனது. ஐந்தாம் எண் எடை, ஒன்பது அடித் தூண்டில், இந்த ஆற்றுக்கு அது சரியான அளவு என்றார். மகளுக்கு வீச்சு எல்லாம் அதிகம் சொல்லிக் கொடுக்கவில்லை. இருபதடி தூரத்துக்கு நேராகப் போட்டால் போதும், அதன் பிறகு தண்ணீரில் நரம்பை எப்படிக் கையாள்வது என்பதுதான் மீனைக் கொண்டுவரும் என்று சொல்லி அதைத்தான் பழக்கினார்.

பதினொன்றரைக்கு 46 டிகிரி. ஆற்றில் இறங்கினோம். ஆற்றின் நீர்வரத்தைச் சொல்ல வேண்டும். கீழே குக்ஸ் ஃபால்ஸ் என்ற இடத்தில் அரசாங்க அளவுமானி இருக்கிறது, எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பதை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். மேட்டூர் நீர்வரத்து செய்தி கேட்டு வளர்ந்த நமக்குக் கன அடி புதிதில்லை. அன்று விநாடிக்கு 600 கன அடிக்குக் கொஞ்சம் மேல். தொடையளவு ஆழத்தில் நிற்கும்போதே கால் தள்ளாடியது. மகளை ஆற்றின் நடுப்பக்கம் விடவே இல்லை, எப்போதும் அவளுக்குக் கீழ்ப்பக்கம் அவர் நின்றார், அவள் சறுக்கினால் தன்மேல் வந்து முட்டுவாள் என்பதற்காக. ஒரு அப்பாவாக எனக்கு அன்று மனநிம்மதி தந்தது அதுதான்.

அடியில் போகிற மாதிரி, பூச்சிக் குஞ்சைப் போலக் கட்டிய நிம்ஃப் என்ற கனமான ஃப்ளை ஒன்று, அதற்கு மேலே சின்னத் தக்கை. எடைக்கு ஈயக் குண்டு போடவில்லை, நியூயார்க்கில் சிறிய ஈயக் குண்டுகளை விற்கவே தடை, நீர்ப்பறவைகள் விழுங்கிச் செத்துப்போகின்றன என்பதால். ஒன்றரை மணி நேரம் போட்டோம். எனக்கு ஒன்று தட்டிவிட்டுப் போனது, அவ்வளவுதான். அதைக் குறையாகச் சொல்லவில்லை, 46 டிகிரியில் அவ்வளவுதான் நடக்கும் என்று காலையிலேயே சொல்லியிருந்தார்.

உண்மையான குறை வேடர்ஸில் வந்தது. எனக்குக் கொடுத்த வேடர்ஸின் இடது கால் தையலில் ஓட்டை. இறங்கிப் பத்து நிமிடத்தில் கணுக்கால் சில்லென்றது, அரை மணியில் முழங்கால் வரை நனைந்துவிட்டது. ஜூன் மாதம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். 8 செல்சியஸ் தண்ணீரில் இது ஆபத்து. கால் மரத்துப்போனால் கல் எங்கே இருக்கிறது என்று தெரியாது, வழுக்குவோம். கைடு என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து உடனே கரையேறச் சொன்னார், தன் வண்டியிலிருந்து கம்பளி சாக்ஸும் தன்னுடைய பழைய வேடர்ஸும் எடுத்துக் கொடுத்தார். அது எனக்குப் பெரிது, ஆனால் உலர்ந்திருந்தது. வாடகைச் சாமான்களைப் பருவம் தொடங்குவதற்கு முன் உள்ளே தண்ணீர் ஊற்றியோ காற்று அடைத்தோ சோதித்துப் பார்ப்பது அரை நாள் வேலை. அதைக்கூடச் செய்யாமல் 475 டாலர் வாங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. திரும்பி வந்து மின்னஞ்சல் அனுப்பினேன். நான்கு நாள் கழித்து வருத்தம் தெரிவித்து, அடுத்த முறை 50 டாலர் தள்ளுபடி தருகிறோம் என்று பதில் வந்தது. பணத்தைத் திருப்பித் தருவதாக இல்லை.

சாப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். ஒருவருக்குச் சைவம் என்று புக் செய்யும்போதே எழுதியிருந்தேன், வந்தது இரண்டுமே வான்கோழி சாண்ட்விச். மகள் சைவம். வீட்டில் கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதம் இருந்ததால் பிழைத்தோம், கைடும் இரண்டு கரண்டி சாப்பிட்டார்.

அந்தச் சாப்பாட்டு நேரத்தில் அவர் சொன்ன கதைகளை நான் மறக்கமாட்டேன். தியோடர் கார்டன் என்று ஒருவர், நெவர்சிங்க் ஆற்றங்கரையில் தனியாக வாழ்ந்தவர், 1890இல் இங்கிலாந்தில் இருந்த ஹால்ஃபர்ட் என்பவருக்குக் கடிதம் எழுத, அவர் மேலே மிதக்கும் ஃப்ளைகள் சிலவற்றை அனுப்பி வைத்திருக்கிறார். இங்கிலாந்தின் சுண்ணாம்பு நிலத்து ஆறுகள் கண்ணாடி போல மெதுவாக ஓடுபவை, கேட்ஸ்கில் ஆறுகளோ கல்லில் மோதிக் குதித்து ஓடுபவை, பூச்சிகளும் வேறு. அதனால் கார்டன் இந்த ஊர்ப் பூச்சியைப் பார்த்து, இந்த ஊர் ஓட்டத்தில் மிதக்கிற மாதிரி புதிதாகக் கட்ட ஆரம்பித்தார். நாங்கள் காலையில் கல்லில் பார்த்த குவில் கார்டன் அவர் பெயர் கொண்டதுதான். 1915இல் இறந்துபோனார். அவர் தூண்டில் போட்ட மடுக்களில் பல இன்று நியூயார்க் நகரக் குடிநீருக்காகக் கட்டிய நெவர்சிங்க் நீர்த்தேக்கத்துக்கு அடியில் இருக்கின்றன. அவரிடம் கற்ற ராய் ஸ்டீன்ராட் 1916இல் இதே பீவர்கில்லில் ஒரு பூச்சியைப் பார்த்து ஒரு ஃப்ளையைக் கட்டி, நண்பர் ஹென்ட்ரிக்சனின் பெயரை அதற்கு வைத்தார். அதாவது, நூறு வருடத்துக்கு மேலாக அதே பூச்சி அதே மாதத்தில் வருகிறது, அதே பெயர் கொண்ட ஃப்ளையைத்தான் நாங்கள் அன்று முடிச்சுப் போடப்போகிறோம். மகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிடிக்கப்போகும் மீனின் கதையும் வந்தது. இந்த ஓடைகளின் சொந்த மீன் புரூக் ட்ரவுட். இப்போது அதிகம் இருக்கும் பிரவுன் ட்ரவுட், 1883இல் ஜெர்மனியிலிருந்து முட்டையாக அமெரிக்காவுக்கு வந்த இனம். நான் ஊட்டிக்காரன். அவலாஞ்சியில் வெள்ளைக்காரன் காலத்து ட்ரவுட் குஞ்சு பொரிப்பகம் உண்டு, நீலகிரியில் இருக்கும் ட்ரவுட்டும் அப்படிக் கப்பலில் வந்த இனம்தான் என்று சொன்னேன். அவருக்கு அது தெரியாது, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

ஒன்றே முக்காலுக்கு மகள் தெர்மாமீட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். 51.

முதலில் எதுவும் தெரியவில்லை. இரண்டு மணிக்குக் கொஞ்சம் மேலே, மடுவின் தலைப்பக்கத்தில் வேகமான தண்ணீர் சமதளமாக மாறும் இடத்தில், சாம்பல் நிற இறக்கையை நிமிர்த்திக்கொண்டு ஒரு பூச்சி மிதந்து வந்தது. சின்னப் பாய்மரப் படகு மாதிரி. இறக்கை காயும் வரை அது பறக்க முடியாது, அதுவரை தண்ணீர் இழுத்த இழுப்புக்குத்தான் போகும். அடுத்து இரண்டு. அப்புறம் பத்து. பத்து நிமிடத்தில் ஆற்றின் மேல் நூற்றுக்கணக்கில் படகுகள். எதிர்க்கரைப் பாறைக்குப் பக்கத்தில் ஒரு படகு இருந்த இடத்தில் ஒரு வட்டம் மட்டும் இருந்தது. நான் உடனே தூண்டிலைத் தூக்கினேன். கைடு என் கையைப் பிடித்தார். "இது ஒரே ஒரு பூச்சிக்காக வந்த மீன். அது ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழும் வரை காத்திருங்கள்." ஐந்து நிமிடம் எதையும் செய்யாமல் நின்றோம். நான் அதற்கு முன் ஆற்றில் செலவிட்ட எந்த ஐந்து நிமிடமும் அவ்வளவு நீளமாக இருந்ததில்லை.

காத்திருந்ததில் ஒன்று புரிந்தது. அந்த மடுவில் எழுந்துகொண்டிருந்தது ஏழு மீன்கள், ஒவ்வொன்றுக்கும் தனி இடம், தனித் தாளம். மகளுக்கு மிக அருகில், இருபதடிக்குள், எளிதான ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். பதினான்காம் எண் முள்ளில் கட்டிய ஹென்ட்ரிக்சன், முள்ளின் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிட்டிருந்தார். "மூக்கு தெரியும். தெரிந்ததும் இழுக்காதே. மனதுக்குள் ஒன்று எண்ணிவிட்டு மெதுவாகத் தூக்கு." மூன்றாவது வீச்சில் மூக்கு தெரிந்தது. அவள் வாய்விட்டே ஒன்று என்று எண்ணினாள். தூண்டில் வளைந்தது. அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை.

பதின்மூன்று அங்குல பிரவுன் ட்ரவுட். வெண்ணெய் நிற வயிறு, பக்கவாட்டில் சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி வெளிர் வளையம். துடுப்புகள் கிழியாமல் முழுதாக இருந்ததைக் காட்டி, தொட்டியில் வளர்த்துக் கொண்டுவந்து விட்ட மீனுக்குத் துடுப்பு தேய்ந்திருக்கும், இது அநேகமாக ஆற்றிலேயே பிறந்தது என்றார். கையை நனைத்துக்கொண்டுதான் தொட வேண்டும், உலர்ந்த கை மீனின் மேலிருக்கும் வழவழப்பைத் துடைத்துவிடும். வலையைத் தண்ணீரிலேயே வைத்திருந்து, ஒரே ஒரு படம், மீனை ஓட்டத்தைப் பார்த்துப் பிடித்து, அதுவாக வாலடித்துப் போகும் வரை காத்திருந்தாள். ராஸ்கோவுக்குக் கீழே பீவர்கில்லின் ஒரு பகுதியில் 1965லிருந்தே பிடித்த மீனைக் கொல்லக் கூடாது என்ற விதி இருக்கிறது, அந்த ஆற்றில் இத்தனை மீன் மிச்சமிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன், ஏனென்றால் கைடின் திறமை அதில்தான் முழுதாகத் தெரிந்தது. என் மீன் எதிர்க்கரையில், இடையில் வேகமான ஓட்டம். நான் போட்ட ஃப்ளை மீனுக்கு மேலே வரும்போதெல்லாம் நடுவிலிருக்கும் வேகத் தண்ணீர் நரம்பை இழுத்துக்கொண்டுபோக, ஃப்ளை மோட்டார் படகு மாதிரி கோடு கிழித்துக்கொண்டு ஓடியது. எந்தப் பூச்சியும் அப்படி ஓடாது, மீனுக்கு அது தெரியும். நரம்பு விழுவதற்குள் தூண்டில் நுனியை மேல்பக்கம் சாய்த்துவிட்டால் நரம்பு ஓட்டத்துக்கு மேலே வளைந்து விழும், அது நேராவதற்குள் ஃப்ளைக்கு மூன்று விநாடி சுதந்திரம் கிடைக்கும். அந்த மூன்று விநாடிக்காக அரை மணி நேரம் பழகினேன். ஒழுங்காக வந்தபோதும் மீன் எடுக்கவில்லை. கைடு குனிந்து தண்ணீர் மட்டத்தில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "மூக்கு வெளியே வரவில்லை, முதுகு மட்டும் தெரிகிறது. மேலே மிதப்பதை அது சாப்பிடவில்லை, உறையிலிருந்து பாதி வெளிவந்து தண்ணீரின் மேல்பரப்பில் மாட்டிக்கொண்டிருப்பதைச் சாப்பிடுகிறது" என்று ஃப்ளையை மாற்றினார். உடம்பு தண்ணீருக்குள் தொங்கும், இறக்கை மட்டும் மேலே நிற்கும் ஒன்று. இரண்டாவது வீச்சில் எடுத்தது. பதினைந்து அங்குலம். அந்த மாற்றத்தை நானாகச் செய்ய இன்னும் பல வருடம் ஆகியிருக்கும்.

மூன்றே முக்காலுக்கும் பூச்சி வந்துகொண்டிருந்தது. நான்கு மணிக்குப் பேக்கேஜ் முடிகிறது! அவர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. ஐந்தேகால் வரை எங்களோடு நின்றார், கூடுதலாக எதுவும் கேட்கவில்லை. காற்று அடங்கி வெதுவெதுப்பாக இருக்கும் மாலைகளில் ஆறு, ஏழு மணிக்கு அந்தப் பூச்சிகளே இணைசேர்ந்து முட்டையிட்டுத் திரும்பவும் தண்ணீரில் விழுமாம், அப்போது இன்னொரு முறை மீன் எழும். அன்று அதற்கு நாங்கள் இருக்கவில்லை. எட்டு மணிக்குத் தொடங்காமல் இருந்திருந்தால் அதுவும் கிடைத்திருக்கும் என்பதுதான் என் ஆதங்கம்.

யார் போகலாம்? கொஞ்சமாவது வீசத் தெரிந்து, பருவத் தொடக்கத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்களுக்கு இந்தப் பணம் தகும். நிறைய மீன் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பவர்களுக்கு இது சரிவராது, நாங்கள் இருவரும் சேர்ந்து அன்று மூன்றுதான் பிடித்தோம். பத்து வயதுக்குக் கீழே பிள்ளைகளை ஏப்ரலில் கூட்டிப்போகாதீர்கள். குளிர் ஒரு பக்கம், நீர்வரத்து இன்னொரு பக்கம். மே கடைசி வரை பொறுக்கலாம்.

புக் செய்வதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். ஏப்ரலில் தொடக்க நேரத்தை மாற்றிக் கொடுப்பீர்களா? வேடர்ஸ் இந்த வருடம் சோதித்ததா? மழை பெய்து ஆறு பொங்கினால் தேதி மாற்ற முடியுமா? மூன்றாவதை நான் கேட்கவில்லை. திரும்பி வந்து விதிமுறைகளைப் படித்தபோதுதான், ஆற்றில் இறங்க முடியாத நாளிலும் முழுப் பணம் போய்விடும் என்று இருந்ததைப் பார்த்தேன். இடுப்பு பெல்ட் இல்லாமல் வேடர்ஸ் கொடுத்தால் வாங்காதீர்கள், விழுந்தால் உள்ளே தண்ணீர் நிரம்புவதைத் தாமதிப்பது அந்த பெல்ட்தான். பருத்தி சாக்ஸ் வேண்டாம், கம்பளி இரண்டு ஜோடி. வேறு ஆற்றில் போட்ட பூட்ஸை நன்றாகக் கழுவிக் காயவைத்துவிட்டுப் போங்கள், ஒரு ஆற்றுப் பாசியை இன்னொரு ஆற்றுக்குச் சுமந்துபோக வேண்டாம். நேரம் இருந்தால் லிவிங்ஸ்டன் மேனரில் வில்லோவீமாக் கரையிலேயே இருக்கும் ஃப்ளை ஃபிஷிங் அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். காலை நேரத்தைக் கழிக்க அதைவிட நல்ல இடம் அங்கே இல்லை.

அந்தக் கம்பெனியின் 50 டாலர் தள்ளுபடியை நான் பயன்படுத்தப் போவதில்லை. கைடு வாரத்தில் சில நாள் சொந்தமாகவும் ஆட்களைக் கூட்டிப்போகிறார் என்று தெரிந்ததும் மே முதல் வாரத்தில் ஒரு நாள் கேட்டு வைத்திருக்கிறேன், பகல் பதினொன்றிலிருந்து இருட்டும் வரை. எனக்குச் சொந்தமாக வேடர்ஸ் வாங்கியாகிவிட்டது. மகளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். கயிறு கட்டிய தெர்மாமீட்டர் ஒன்று கேட்டாள்.